எஞ்சினும் மூச்சுவிட வேண்டும்

காய்ச்சல் கண்டவன் நெற்றியில் ஈரத்துணி போட்டால் சூடு சற்றே தணியும். காய்ச்சலின் காரணம் தணியாது. இதை அறியாதவர் நம்மில் எவரும் இலர். ஆயினும் கார் எஞ்சினில் எண்ணெய் கசியக் கண்டால் மட்டும் நாம் ஈரத்துணியைத் தேடியே ஓடுகிறோம். கேஸ்கட்டை மாற்றுகிறோம். அதன்மேல் சிலிக்கான் பசையை அள்ளிப் பூசுகிறோம். போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்குகிறோம். இரண்டு வாரம் வண்டியின் அடியில் தரை காய்ந்திருக்கிறது. மூன்றாம் வாரம் வேறோர் இடத்தில் எண்ணெய் எட்டிப் பார்க்கிறது. உடனே மெக்கானிக்கைக் குறை கூறுகிறோம். கேஸ்கட் செய்தவனைக் குறை கூறுகிறோம். எஞ்சினோ தனக்கு மூச்சு முட்டுகிறது என்பதைத்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்பார்தாம் இல்லை.

நம் பல்கலைக்கழகத்தில் மட்டுமன்று, நாடெங்கும் பொறியியல் மாணவர் பட்டறைகளில் இன்று எஞ்சினைத் திருத்தி அதன் ஆற்றலைக் கூட்டும் ஆர்வம் பெருகியிருக்கிறது. பழைய காரில் டர்போ பூட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சினை எடுத்துப் பந்தயக் காரில் வைக்கிறார்கள். இது வரவேற்கத்தக்க ஆர்வமே. கையில் மசகு படாமல் பொறியியல் கற்றவர் எவரும் இல்லை. ஆனால் இந்த ஆர்வத்தில் ஒரு குறை உண்டு. எத்தனை குதிரைத்திறன் கூடியது என்று கேட்பவர் பலர். கூடிய திறனோடு கூடிய புகை எங்கே போகிறது என்று கேட்பவர் அரியர். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட நினைப்பவர் முதலில் அதன் மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். அந்த மூச்சையும் தெருவில் விடாமல், எஞ்சினுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை பாதி வேலைதான்.

இலக்கியமும் வரலாறும் பயிலும் நண்பர்களுக்காகச் சிறிது விளக்கம் வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதைச் சுற்றி மெல்லிய இரும்பு வளையங்கள் உள்ளன. அவற்றை ரிங் என்பர். மேலே பெட்ரோலும் காற்றும் வெடித்து எரியும்போது எழும் அழுத்தத்தை அந்த ரிங்குகளே தடுத்து நிறுத்துகின்றன. எவ்வளவு நன்றாகத் தடுத்தாலும் சிறிது வளி ரிங்குகளின் இடுக்கு வழியே கீழே நழுவத்தான் செய்யும். புத்தம் புதிய எஞ்சினிலும் இது உண்டு. நழுவிய வளி கிராங்க் கேஸ் எனப்படும் அடியறைக்குள் இறங்குகிறது. அங்கேதான் எண்ணெய் இருக்கிறது. நம் மெக்கானிக்குகள் இதற்குப் 'பேக் கம்ப்ரஷன்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்த்து, "பேக் கம்ப்ரஷன் இருக்குது சார்" என்று அவர்கள் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள்.

இறங்கும் வளியில் இருப்பவை யாவை? எரியாத பெட்ரோல் ஆவி, எரிந்த புகை, நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். சிறு பகுதி அடியறைக்குள் இறங்கி எண்ணெயோடு கலக்கும். குளிர்காலத்தில் வடநாட்டு நகரங்களில் நாள்தோறும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் கார்களின் எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெண்ணெய்போல் ஒரு பசை ஒட்டியிருக்கும். எஞ்சின் நன்கு சூடாகாமையால், வெளியேற வேண்டிய நீராவி குளிர்ந்து எண்ணெயோடு சேர்ந்து கடைந்த கோலம் அது. ஆகவே, அடியறையின் வளியை வெளியேற்றினால் மட்டும் போதாது. வடிகட்டிய புதுக் காற்று ஒரு வழியே உள்ளே புக வேண்டும். கெட்ட வளி மற்றொரு வழியே வெளியேற வேண்டும். மூச்சு என்று நான் சொல்வது உவமைக்காக மட்டுமன்று. உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் ஆகிய இரண்டும் எஞ்சினுக்கு உண்மையாகவே வேண்டும்.

வெளியேறும் வழி அடைபட்டால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சினின் தலையில் உள்ள டேப்பெட் கவர் 40 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உடையது என்று கொள்வோம். அதன் பரப்பு 600 சதுர செ.மீ. அடியறையின் வளி மேலே அந்தக் கவருக்குள்ளும் பரவி நிற்கும். அங்கே வெளிக்காற்றைவிடப் பத்தில் ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடினால் போதும். ஏறத்தாழ 60 கிலோ எடை அந்தக் கவரை உள்ளிருந்து மேலே தள்ளும். வளர்ந்த மனிதர் ஒருவர் உள்ளே நின்றுகொண்டு தோளால் முட்டுவதற்கு ஒப்பு இது. இனி கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் ஆயில் சீலை எண்ணிப் பாருங்கள். தெறிக்கும் எண்ணெயைத் தடுக்கவே அந்த மெல்லிய உதடு படைக்கப்பட்டது, அழுத்தத்தைத் தாங்குவதற்கன்று. அழுத்தம் எங்கே வழி கிடைக்கும் என்று தேடும். ஓர் இடத்தைப் பசை பூசி அடைத்தால் அடுத்த மெலிந்த இடத்தை நாடும். மூன்றாம் வாரம் வேறோர் இடத்தில் ஒழுகுவதன் மறைபொருள் இதுவே.

இது எல்லா எஞ்சினுக்கும் பொது. ஆற்றல் கூட்டிய எஞ்சினுக்கு இந்தத் தொல்லை பலமடங்காகும். 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் தயாரிக்கப்பட்ட மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். மலிவாகக் கிடைப்பதால் மாணவர்கள் பழகுவதற்கு ஏற்றது. இதில் டர்போ பூட்டி அரை வளிமண்டலம் அழுத்தம் கூட்டினால், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று சிலிண்டருக்குள் புகும். வெடிப்பின் அழுத்தமும் ஏறும்; ரிங் இடுக்கில் நழுவும் வளியும் ஏறும். அதிகச் சூட்டில் விரிந்து முட்டிக்கொள்ளாதிருக்க ரிங் முனைகளுக்கு இடையே இடைவெளியைச் சற்று அதிகமாக வைப்பார்கள். அடித்து உருவாக்கிய உறுதியான பிஸ்டன் போட்டால் சிலிண்டரில் அதற்கும் தளர்வு சற்று அதிகம் வேண்டும். இவை எல்லாம் முறையான செயல்களே. ஆனால் ஒவ்வொன்றும் நழுவும் வளியைப் பெருக்குகிறது. வெளியேறும் குழாய் மட்டும் பழைய 37 குதிரைத்திறன் எஞ்சினுக்கென்று வைத்த அதே சிறு குழாய்! குழாயில் ஓட்டம் இரட்டித்தால், அதைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பதினாறு பேர் வாழும் வீட்டுக்கு ஒற்றைச் சன்னல் வைத்த கதைதான்.

டர்போ எஞ்சினில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் சாதாரண எஞ்சினில், உள்ளிழு குழாயில் உண்டாகும் வெற்றிடம் பி.சி.வி. வால்வு வழியாக அடியறையின் வளியை இழுத்துச் சிலிண்டருக்கே அனுப்பி எரித்துவிடும். எளிய, அழகிய ஏற்பாடு. டர்போ ஊதத் தொடங்கியதும் அதே உள்ளிழு குழாயில் வெற்றிடம் மறைந்து அழுத்தம் உண்டாகிறது. அப்போது நடுவே உறுதியான ஒருவழி வால்வு இல்லையேல், டர்போவின் காற்று நேரே அடியறைக்குள் புகும். மூச்சை இழுக்க வைத்த குழாய் மூச்சைத் திணற வைக்கும் குழாயாக மாறிவிடும். எனவே டர்போ ஊதும் வேளைக்கென்று இரண்டாவது வழி ஒன்று வேண்டும். டேப்பெட் கவரிலிருந்து புறப்பட்டு, டர்போவுக்கு முன்னால், காற்று வடிகட்டிக்குப் பின்னால் போய்ச் சேரும் தடித்த குழாயே அவ்வழி.

இந்த இரண்டாவது வழியை மறந்ததால் வரும் வீண் செலவை நான் கண்ணாரக் கண்டதுண்டு. விடுமுறையில் வேலை பழகிய ஒரு பட்டறைக்கு டர்போ பூட்டிய கார் ஒன்று வந்தது. சைலன்சரில் நீலப் புகை. டர்போவின் சீல் கெட்டுவிட்டது என்று சொல்லி, அதற்கு முன்பே வேறிடத்தில் இரண்டு முறை டர்போவை மாற்றியிருந்தார்கள். புகை நிற்கவில்லை. அங்கிருந்த முதிய மெக்கானிக் டர்போவைத் தொடவே இல்லை. குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிக்கொண்டே போனார். புதிதாக வைத்த பெரிய காற்றுக் குழாய், மூச்சுக்குழாயின்மேல் ஏறி அதை நசுக்கியிருந்தது. டர்போவின் எண்ணெய் தன் எடையாலேயே அடியறைக்கு வடிந்து இறங்க வேண்டும். அடியறையில் அழுத்தம் நின்றால் அது எப்படி இறங்கும்? மேலேயே தேங்கி, சீலைத் தாண்டிப் புகையாயிற்று. குழாயை விலக்கிக் கட்டினார். புகை நின்றது. இரண்டு டர்போவின் விலைக்கு ஒரு முழக் குழாய் ஈடாயிற்று!

இவ்வளவையும் அறிந்த சிலர் வேறொரு குறுக்குவழி காண்கிறார்கள். பி.சி.வி. வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, மூச்சுக்குழாயை வண்டியின் அடியில் தொங்கவிடுகிறார்கள். அல்லது முனையில் சிறிய வடிகட்டி ஒன்றைச் செருகிவிடுகிறார்கள். கசிவு குறைவது உண்மை. எஞ்சினின் உள்ளிழு வழி எண்ணெய் படாமல் தூய்மையாக இருப்பதும் உண்மை. ஆனால் அந்தத் தூய்மையை யார் செலவில் பெறுகிறோம்?

இந்த வழி புதியதன்று, மிகப் பழையது. 1950-களின் கார்கள் பலவற்றில் அடியறையிலிருந்து ஒரு குழாய் இறங்கிச் சாலையை நோக்கித் திறந்திருக்கும். வண்டி ஓடும்போது கீழே விரையும் காற்று புகையை இழுத்துக்கொள்ளும். வண்டி நின்றாலோ இழுப்பும் நின்றுவிடும். அக்காலத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கண்ணெரிக்கும் பழுப்பு மூட்டத்தில் தவித்தது. வண்டிகளும் ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்கள் சூரிய ஒளியில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு கூடி அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்பதை ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலறிஞர் 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். கட்டுப்பாடற்ற காரொன்று வெளியிடும் ஹைட்ரோகார்பனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, சைலன்சர் வழியாக அன்றி இந்த அடியறைக் குழாய் வழியாகவே வந்தது. ஆகவே 1961-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் பி.சி.வி. ஏற்பாடு வந்தது, 1963 மாடலிலிருந்து அந்நாடெங்கும் பரவியது. கார்களின் மாசைக் குறைக்க மனிதன் செய்த முதல் ஏற்பாடு இதுவே. அறுபது ஆண்டுகளுக்கு முன் உலகம் தூக்கியெறிந்த குழாயை, முன்னேற்றம் என்ற பெயரால் நாம் மீண்டும் தொங்கவிடுவது பொருந்துமா?

நம் நாட்டு விதிகளும் அடியறைப் புகையை வெளிக்காற்றில் விடுவதை ஏற்பதில்லை. ஆனால் சாலையில் ஓடும் காரை ஆண்டுதோறும் சோதிக்கும் மாசுச் சான்றிதழ் நிலையத்தில் என்ன செய்கிறார்கள்? சைலன்சர் குழாயின் வாயில் கருவியை நுழைத்து அளக்கிறார்கள். எஞ்சினின் மறுபுறத்தில் தொங்கும் மூச்சுக்குழாயை அந்தக் கருவி பார்ப்பதில்லை. சான்றிதழ் கையில், புகை தெருவில்! சட்டத்தின் கண் படாத இடத்தில்தான் மனச்சான்றின் கண் படவேண்டும். தில்லி போன்ற நகரங்களில் குளிர்காலத்தில் நாம் சுவாசிக்கும் காற்றை எண்ணினால், இதை நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

காற்றை விடுங்கள், அண்மையில் நிற்பவர்களை எண்ணுங்கள். திறந்த குழாயின் ஆவியில் கார்பன் மோனாக்சைடும் பெட்ரோல் ஆவியும் உண்டு. அது பானெட்டுக்கு அடியில் தேங்கி, காற்றுத்துளை வழியே வண்டிக்குள் இருப்போரிடம் வரும். சொட்டும் எண்ணெய் கொதிக்கும் புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். சாலையில் சொட்டினால், பின்னால் வரும் ஸ்கூட்டர்க்காரர் சறுக்குவார். முதல் மழையில் இது இன்னும் கொடிது. இவர்களுள் எவரும் நம் குதிரைத்திறனுக்கு ஆசைப்பட்டவர் அல்லர். வாரந்தோறும் நம் எஞ்சினைத் துடைத்து, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, கழிவெண்ணெயில் கைகளை ஊறவைக்கும் பட்டறைத் தொழிலாளியையும் மறக்கலாகாது. கழிவெண்ணெய் தோலுக்குக் கேடு என்பது மருத்துவம் அறிந்த செய்தி.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் அளக்க வேண்டும். எண்ணெய் மூடி ஒன்றில் துளையிட்டு, ஒரு தெளிந்த குழாயைப் பொருத்தி, அதை 'ப' வடிவில் வளைத்து, பாதியளவு நீர் ஊற்றினால் அழுத்தமானி ஆயத்தம். இரு பக்க நீர்மட்டத்தின் வேறுபாடு 10 செ.மீ. என்றால், அழுத்தம் வளிமண்டலத்தில் நூறில் ஒரு பங்கு. ஐம்பது ரூபாய்க்குள் முடியும் கருவி இது. டைனமோமீட்டரில் ஏற்றி முழு வேகத்தில் ஓட்டும்போதும் அடியறையின் அழுத்தம் வெளிக்காற்றின் அளவிலோ, அதற்குச் சற்றுக் கீழோ நின்றால் எஞ்சின் நன்றாக மூச்சுவிடுகிறது. மேலே ஏறினால் குழாய் போதவில்லை. பன்னிரண்டு மி.மீ. குழாயைப் பத்தொன்பது மி.மீ. ஆக்கினால் வழி இரண்டரை மடங்கு விரியும். அதன் பின்னும் அழுத்தம் இறங்கவில்லையேல், நோய் ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. அதற்குக் குழாய் மருந்தாகாது. எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

அடுத்தது எண்ணெயைப் பிரிக்கும் டப்பா. உள்ளிழு வழியில் எண்ணெய் ஆவி சேர்ந்தால் பெட்ரோலின் தாங்குதிறன் குறைந்து எஞ்சின் தட்டும் என்று சிலர் அஞ்சுவது நியாயமே. அதற்கு மருந்து, வளியைத் தெருவில் விடுவதன்று. குழாயின் நடுவே உள்தடுப்புத் தகடுகள் உள்ள டப்பா ஒன்றை வைத்தால், ஆவி அத்தகடுகளில் மோதிக் குளிர்ந்து எண்ணெய்த் துளியாக அடியில் தங்கும். துப்புரவான வளி எஞ்சினுக்குத் திரும்பும். முழு வேகத்தில், புதுக் காற்று உள்ளே வரவேண்டிய குழாயிலும் வளி எதிர்த்திசையில் ஓடும். ஆதலால் இரு குழாய்களிலும் டப்பா வைப்பது நலம். காலியான தகர டப்பாவில் இரு குழாய் செருகினால் அது டப்பா ஆகாது. ஒரு வழியே வந்த ஆவி மறு வழியே அப்படியே போய்விடும். டப்பாவைக் காலத்தில் வடித்து, வடிந்ததைக் குறித்து வைக்கவும் வேண்டும். முன்மாதத்தைவிட இம்மாதம் அதிகம் வடிந்தால், ரிங் தேய்கிறது என்று எஞ்சின் முன்கூட்டியே ஓலை அனுப்பிவிட்டது.

"பந்தயக் கார்களில் திறந்தே விடுகிறார்களே!" என்பார் சிலர். பந்தயத்தின் விதியைச் சற்றுப் பாருங்கள். 710 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின்களை வைத்து மாணவர்கள் ஓட்டும் பார்முலா வகைப் போட்டிகளில், எஞ்சினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெயைப் பிடிக்க டப்பா கட்டாயம். அது 900 மி.லி.க்குக் குறையலாகாது. மூச்சுக்குழாயை உள்ளிழு வழியில் சேர்ப்பதானால், காற்றை மட்டுப்படுத்தும் 20 மி.மீ. துளைக்கு முன்னால்தான் சேர்க்க வேண்டும். பின்னால் சேர்த்தால் அடியறை வழியே திருட்டுக் காற்று புகுந்துவிடுமன்றோ! கோயம்புத்தூரை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இத்தகைய போட்டிக்குச் செல்லும் நம் மாணவர்கள் இவ்விதிகளை அறிவர். ஆனால் விதி கேட்கிறதே என்று கடைசி இரவில் டப்பாவைக் கட்டுவது வேறு. முதல் நாளே வரைபடத்தில் வரைவது வேறு.

"சாலையில் ஓடும் எங்கள் கார்?" என்று கேட்பாருக்கும் விடை சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே ஆற்றல் கூட்டும் ஆராய்ச்சிக்கு உரிய இடம் பட்டறையும் பந்தயத் தடமுமே. அதற்காக அந்த ஆராய்ச்சி தாழ்ந்ததாகிவிடாது.

"பழைய வண்டி ஒழுகத்தான் செய்யும், ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள்" என்று வேடிக்கை பேசுவோரும் உண்டு. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் இந்த வேடிக்கை நம் சோம்பலுக்குப் போர்த்திய பொன்னாடை. பழையதாயினும் முறையாக மூச்சுவிடும் எஞ்சின் தன் எண்ணெயைத் தன்னுள்ளே வைத்துக்கொள்ளும்.

நம் துறைப் பெரியோர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். திருத்திய எஞ்சின் எதையும் பட்டறையில் முதன்முதல் ஓட்டுமுன் அதன் மூச்சுக்குழாய் வரைபடத்தை ஆசிரியரிடம் காட்டவேண்டும் என்று விதி செய்யுங்கள். குதிரைத்திறனைக் குறிக்கும் ஏட்டில், அடுத்த கட்டத்திலேயே அடியறை அழுத்தத்தையும் குறியுங்கள். இரண்டில் ஒன்றில்லாத ஏட்டுக்கு மதிப்பெண் தராதீர்கள். பொதுவாக இத்தகைய போட்டிகளின் 1000 புள்ளிகளில் 150 வடிவமைப்புக்கு உரியவை. நம் பட்டறைக்குள் நடக்கும் தேர்விலாவது அதில் ஒரு பங்கை மூச்சு ஏற்பாட்டுக்கு ஒதுக்குங்கள். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டா. ஒரு குழாய், ஒரு டப்பா, ஒரு வால்வு, சிறிது பொறுமை, இவையே போதும்.

ஆற்றலைப் பெருக்குவது இளமையின் இயல்பு. பெருக்கிய ஆற்றலின் கழிவுக்கும் தானே பொறுப்பேற்பது கல்வியின் பயன். அடுத்த பருவத்தில் நம் பட்டறையிலிருந்து புறப்படும் கார் எத்தனை விரைவாக ஓடியது என்று ஊர் கேட்கட்டும். அது நின்று போன இடத்தில் தரை காய்ந்திருந்ததா என்று நாம் குனிந்து பார்ப்போம்.